கல்யாண மண்டபத்தில் தீ என்றால் நாம் என்ன செய்வோம்? விஆர் கண்ணாடி வைத்து ஆராயும் வழி

2004-இல் நான் பாலக்கோட்டில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்தில் கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டு, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். அதற்கப்புறம் எங்கள் பள்ளியிலும் கீற்றுக் கொட்டகையைப் பிரித்தார்கள். பிரித்த கீற்றை மைதானத்தில் குவித்திருந்ததும், கணக்கு வாத்தியார் பாடம் நடத்தாமல் சன்னல் வழியே அதையே பார்த்துக்கொண்டு நின்றதும் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இப்போது கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் பாடம் எடுக்கிறேன். கதவு எத்தனை அகலம், படிக்கட்டு எத்தனை என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, மக்கள் கூடும் அரங்குகளில் வெளியேறும் கதவு 2 மீட்டர் அகலத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. ஆனால் அந்தக் கதவைப் பார்த்து ஒரு மனிதர் எப்போது முதல் அடி எடுத்து வைப்பார்? அதை எந்த டேப்பும் அளந்து சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் என் மாணவர்கள் மூவரும் நானும் ஒரு விஆர் ஹெட்செட்டை (கண்ணில் மாட்டினால் கம்ப்யூட்டரில் கட்டிய இடத்துக்குள்ளேயே நிற்பது போலத் தோன்ற வைக்கும் மெய்நிகர் கண்ணாடி) வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக முயன்று வருகிறோம். இதே வேலையை உங்கள் ஊரில் செய்ய நினைப்பவர்களுக்காக, நாங்கள் கற்றதை எழுதுகிறேன்.

முதலில், இது எதற்கு உதவாது என்று சொல்லிவிடுகிறேன். 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் குடோன் வெடித்து 9 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட வெடிப்பில் யாருக்கும் ஓட நேரம் இருக்காது. அங்கே தேவை, குடியிருப்புக்கு நடுவே குடோன் வராமல் பார்த்துக்கொள்வது. நாம் ஆராய்வது வேறு: சில நிமிடம் அவகாசம் தருகிற தீ. சமையல்கட்டில் புகை கிளம்புகிறது, மின்கம்பி கருகுகிறது, மேடை அலங்காரத் துணியில் பொறி விழுகிறது. அந்தச் சில நிமிடத்தில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நிஜமாகத் தீ வைத்துப் பார்க்க முடியாது. ஒத்திகை நடத்தலாம், ஆனால் முன்பே சொல்லி நடத்தினால் எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டே வரிசையாக வெளியே வருவார்கள். சொல்லாமல் நடத்தினால் வயதானவர்கள் விழுந்து அடிபடலாம். அதனால்தான் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம், நியூசிலாந்தின் மாஸ்ஸி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் சுரங்கப்பாதைத் தீ, நிலநடுக்கம் இவற்றையெல்லாம் விஆரில் கட்டி ஆராய்கிறார்கள். அவர்கள் சுரங்கப்பாதையை எடுத்தார்கள், நாங்கள் கல்யாண மண்டபத்தை எடுத்தோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஐந்நூறு பேர் ஒரே கூரையின் கீழ் உட்காரும் இடம் பெரும்பாலும் அதுதான்.

கேள்வி ஒன்றே ஒன்று இருக்கட்டும்

"மக்கள் எப்படி வெளியேறுகிறார்கள்?" என்பது கேள்வியே அல்ல, அதற்குள் நூறு கேள்வி இருக்கிறது. எங்கள் கேள்வி இது: பந்தியில் உட்கார்ந்திருப்பவர் மணியடித்தால் சீக்கிரம் எழுந்திருக்கிறாரா, மைக்கில் ஆள் பேசிச் சொன்னால் சீக்கிரம் எழுந்திருக்கிறாரா?

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் மெட்ரோ நிலையம் ஒன்றில் கிலேன் ப்ரூ, ஜொனதன் சைம் என்ற இருவர் நிஜமான ஒத்திகைகள் நடத்தி, 1991-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெறும் மணி மட்டும் அடித்தபோது பயணிகள் அப்படியே நின்றார்கள். என்ன நடக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது நகர்ந்தார்கள். ஆபத்து என்றால் கூட்டம் பித்துப் பிடித்து ஓடும் என்று நாம் நினைக்கிறோம். ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது தாமதத்தைத்தான்.

எனவே மாற்றுவது ஒன்றே ஒன்று. பாதிப் பேருக்கு மணி, பாதிப் பேருக்கு மைக். மண்டபம், புகை, கூட்டம், கதவு எல்லாம் இருவருக்கும் ஒன்றே. யாருக்கு எது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். ஒருவரை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். இரண்டாம் முறை அவர் இலையில் கை வைப்பதற்கு முன்பே கூரையைப் பார்ப்பார்.

ஆடியில் அளந்துகொள்ளுங்கள்

முகூர்த்த மாதங்களில் எந்த மண்டபத்திலும் உங்களை உள்ளே விடமாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் காலியாக இருக்கும், மேனேஜருக்கும் பேச நேரம் இருக்கும். நாங்கள் முதலில் கேட்ட இடத்தில், தீ என்ற சொல்லைச் சொன்னதுமே "அபசகுனமாப் பேசாதீங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில், "கட்டடத்தை அளந்து கம்ப்யூட்டரில் படமாக்குகிறோம், உங்களுக்கும் ஒரு பிரதி தருகிறோம்" என்று தொடங்கி, டீ குடிக்கும்போது முழு விஷயத்தையும் சொன்னோம். முழு விஷயத்தையும் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கே தொடங்குவது என்பதில்தான் பக்குவம் வேண்டும்.

லேசர் மீட்டர் ஒன்று, டேப் ஒன்று, செல்போன் கேமரா போதும். சுவரையும் கதவையும் அளந்துவிட்டு வந்துவிடாதீர்கள். பந்தி மேசைகளுக்கு நடுவே பரிமாறுபவர் போகும் சந்து எத்தனை அகலம், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி எந்தக் கதவை மறைக்கிறது, சமையல்கட்டுப் பின்வாசலில் அண்டாவும் சிலிண்டரும் எங்கே நிற்கின்றன, எந்த ஷட்டருக்குப் பூட்டு, அதன் சாவி யாரிடம் — இதெல்லாம்தான் நிஜமான வரைபடம். முடிந்தால் ஒரு கல்யாணத்துக்கும் போய் எட்டிப் பாருங்கள். காலியான மண்டபமும் கல்யாணத்தன்றைய மண்டபமும் வேறு வேறு கட்டடங்கள்.

மண்டபத்தின் மாதிரியை பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் கட்டி, விஆர் காட்சியாக ஓட்டும் யூனிட்டி என்ற மென்பொருளுக்குள் கொண்டுவந்தோம். பிளெண்டர் இலவசம், யூனிட்டியிலும் மாணவர்களுக்குக் காசில்லாத பதிப்பு உண்டு. இதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, சொல்லித்தர வீடியோக்கள் ஏராளம்.

நெருப்புக்கு முன் பந்தி

இந்த வேலையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். எங்கள் முதல் பதிப்பில் மாணவர்கள் ஆறு வாரம் உழைத்து அருமையான தீயைச் செய்தார்கள். தழல் ஆடும், பொறி பறக்கும். மண்டபமோ வெறும் தூணும் நாற்காலியும். ஹெட்செட்டைப் போட்டவர்கள் எல்லோரும் தீக்குப் பக்கத்தில் போய் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் அதற்குள் கையைக்கூட விட்டுப் பார்த்தார். அது ஆய்வே அல்ல என்று அன்றைக்குப் புரிந்தது. வெளியே போகாமல் ஒரு மனிதரைப் பிடித்து நிறுத்துவது எதுவோ, அது காட்சியில் இல்லாவிட்டால், அவர் ஏன் தாமதிக்கிறார் என்று எப்படித் தெரியும்?

அடுத்த பதிப்பில் ஆறு வாரத்தையும் பந்திக்குக் கொடுத்தோம். இலை, தண்ணீர் பாட்டில், பாதி சாப்பிட்ட கேசரி, பக்கத்தில் ஒரு பெரியவர், எதிரே வேலை முடியாமல் ஓடும் பரிமாறுபவர், மொய் மேசை, வாசலில் செருப்புக் குவியல். மேளச் சத்தத்தை ஒரு நிஜக் கல்யாணத்தில் அனுமதி கேட்டுப் பதிவு செய்தோம். கெட்டிமேளம் உச்சத்தில் இருக்கும்போது மணிச் சத்தம் காதில் விழுகிறதா என்பதும் ஆய்வின் பகுதிதான். அந்தச் சத்தத்தைக் குறைத்துவிட்டால் உங்கள் மணி நிஜத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

பங்கேற்பவரைப் பந்தியில் நேராக உட்கார வைத்துத் தொடங்காதீர்கள். வாசலில் தொடங்குங்கள். செருப்பை விடட்டும், பன்னீர் தெளிப்பவரைத் தாண்டி வரட்டும், மேடையைப் பார்த்துவிட்டுப் பந்திக்குப் போகட்டும். ஆபத்தில் மனிதர்கள் வந்த வழியே போகப் பார்ப்பார்கள். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு இரவு விடுதித் தீயில் 100 பேர் இறந்தார்கள். வேறு வாசல்கள் இருந்தும் பெரும்பாலோர் உள்ளே வந்த முன்வாசலுக்கே போய் அங்கே நெரிசலில் சிக்கினார்கள். வந்த வழி என்ற ஞாபகமே இல்லாத ஒருவரை நடுக்கூடத்தில் நிறுத்தினால், அவர் எந்தக் கதவுக்குப் போனார் என்பதற்கு அர்த்தம் கிடையாது.

புகைக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. ஆயிரக்கணக்கான துகள்களை வைத்துப் புகை செய்தால் ஹெட்செட் திணறும், படம் விட்டு விட்டு ஓடும், பார்ப்பவருக்குக் கிறுகிறுக்கும். நாங்கள் கூரையிலிருந்து மெல்ல இறங்கும் சில அடுக்குகளாகவும், தூரத்தை மங்கச் செய்யும் மூட்டமாகவும் செய்தோம். நிஜத்திலும் சூடான புகை முதலில் கூரையில் சேர்ந்துதான் கீழே இறங்கும். எந்த வேகத்தில் இறங்க வேண்டும் என்று கணக்கிட அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் தரும் எஃப்டிஎஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

அப்புறம் கூட்டம். 1968-இல் லத்தானே, டார்லி என்ற உளவியலாளர்கள் இருவர் கல்லூரி மாணவர்களை அறையில் உட்கார்த்திப் படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, சுவர்த் துளை வழியே புகை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்ச் சொன்னார்கள். எதுவும் நடக்காதது போல் எழுதிக்கொண்டிருந்த இருவரோடு உட்கார்ந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். உங்கள் காட்சியில் பக்கத்து இலைக்காரர் என்ன செய்கிறார் என்பது தீயைவிடப் பெரிய விஷயம். அவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி, ஒரே நொடியில், அதே அளவு தலை திருப்ப வேண்டும். இதை மென்பொருளின் நிரலில் (கோடில்) எழுதிப் பூட்டிவிடுங்கள். புடவை மடிப்பு தத்ரூபமாக இல்லை என்று எந்தப் பங்கேற்பாளரும் குறை சொல்லவில்லை. ஆனால் பக்கத்துப் பெரியவர் கண் சிமிட்டாமல் இருந்த நாளில் மூன்று பேர் அதைச் சொன்னார்கள்.

உட்கார வைப்பதற்கு முன்

கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் வாங்காமல் தொடங்கவே கூடாது. வலிப்பு, இதயக் கோளாறு, அடிக்கடி ஒற்றைத் தலைவலி உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் நாங்கள் சேர்ப்பதில்லை. இன்னொரு கேள்வியைத் தனியாக, மெதுவாகக் கேட்போம்: வீட்டில் யாராவது தீ விபத்தில் போயிருக்கிறார்களா? 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளி பட்டாசுக் கடைத் தீயில் தர்மபுரி மாவட்டத்து இளைஞர்கள் பலர் இறந்தார்கள். நம் பக்கத்தில் எந்த வீட்டுக்குள் அந்தத் துக்கம் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஒப்புதல் படிவத்தில் "அவசர நிலைக் காட்சி வரலாம், எந்த நொடியிலும் கழற்றிவிடலாம்" என்று எழுதியிருப்பதை வாய்விட்டும் படித்துக் காட்டுகிறோம். எந்த அவசரம், எப்போது என்பதை மட்டும் சொல்வதில்லை. முடிந்ததும் எல்லாவற்றையும் விளக்குவோம்.

கிறுகிறுப்பு பெரிய தொல்லை. கன்ட்ரோலர் குச்சியைத் தள்ளி உடம்பைத் திருப்பும் முறையில்தான் அதிகம் வரும். முடிந்தவரை சொந்தக் காலில் நடக்க விடுங்கள். நாங்கள் டிராயிங் ஹாலில் மேசைகளை ஒதுக்கி இடம் செய்தோம். மீதித் தூரத்துக்கு மட்டும் குச்சி, அதுவும் நடை வேகத்தில். ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் தோன்றும் முறையை வெளியேற்ற ஆய்வில் பயன்படுத்தவே வேண்டாம், நேரக் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். முன்னும் பின்னும் கேட்க 16 அறிகுறிகள் கொண்ட கேள்விப் பட்டியல் 1993 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதைத் தமிழாக்கும்போது "குமட்டல்" என்று எழுதினோம், பலருக்குப் புரியவில்லை. "வயித்தப் பெரட்டுதா?" என்றதும் உடனே பதில் வந்தது.

கண்ணாடி பழகாதவர்களுக்கு வேறொரு காட்சியில், ஒரு காலி வீட்டில், ஐந்து நிமிடப் பயிற்சி கொடுங்கள். கதவைத் திறக்கத் தெரியாமல் நிற்பவரை "தயங்கினார்" என்று எழுதிவிடக் கூடாது. ஆய்வு முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டுத்தான் வண்டிச் சாவியைத் திருப்பித் தருகிறோம்.

எதைக் குறித்துக்கொள்வது

தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை நொடிக்கு 10 முறை கோப்பில் எழுதுங்கள். அதிலிருந்து பிறகு பிரித்தெடுக்கலாம்: முதன்முதல் புகைப் பக்கம் திரும்பிய நேரம், எழுந்த நேரம், முதல் அடி, எந்தக் கதவு, நடுவில் எங்கே நின்றார். கடிகாரத்தை எந்த நொடியிலிருந்து தொடங்குவது என்பதை முன்பே எழுதி வையுங்கள். நாங்கள் அறிவிப்பின் முதல் ஒலியிலிருந்து எண்ணுகிறோம், புகை முதலில் தெரிந்த நொடியையும் தனியாகக் குறிக்கிறோம்.

இந்த நேரங்கள் ஒரே சீராக விழாது. பலர் சீக்கிரம் எழுவார்கள், சிலர் மிக மிகத் தாமதிப்பார்கள். சராசரி அந்தச் சிலரால் இழுபடும் என்பதால் இடைநிலை அளவையும் (எல்லா நேரங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) சேர்த்துக் கொடுங்கள். காட்சி முடியும்வரை எழாதவரின் பதிவைத் தூக்கிப் போடாதீர்கள். நம் கேள்விக்கு அவர்தான் முக்கியமான ஆள். புள்ளியியலில் கப்லான்-மையர் முறை இப்படிப்பட்ட முடிவுறாத நேரங்களுக்காகவே இருக்கிறது.

எண்களைவிட எனக்கு அதிகம் சொல்லித்தந்தது அப்புறம் நடக்கும் பேச்சு. பதிவை அவருக்கே திரையில் ஓட்டிக் காட்டி, நின்ற இடத்தில் நிறுத்தி, "இங்க என்ன நெனச்சீங்க?" என்று கேட்கிறோம். பதிலை நீங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. எங்கள் விடுதியில் சமைக்கும் அக்கா ஒருவர், மைக்கில் அறிவிப்பு வந்ததும் சட்டென்று எழுந்தார், நேராக வாசலுக்கு வந்தார். பதிவில் பார்த்தால் வாசலருகே அவர் தலை முழங்கால் உயரத்துக்கு இறங்கி அங்கேயே இருக்கிறது. புகைக்குக் குனிகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். திரையில் காட்டிக் கேட்டேன்.

"செருப்பத் தேடினேன் கண்ணு."

"அது பொம்மைச் செருப்புதானேக்கா?"

"தெரியுது. ஆனா கல்யாணத்துக்குப் போயிட்டு வெறுங்காலோட எப்படி வர்றது?"

அவர் நிஜமாகவே குனிந்து, வலது கையால் காற்றில் ஒவ்வொரு செருப்பாக விலக்கிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்ற மாணவி பார்த்திருக்கிறாள். அந்த வாசலில், அவருக்குப் பின்னால் ஐந்நூறு பேர் வந்தால்? வெளியேறும் கதவின் நிகர அகலத்தைக் கணக்கிடும்போது செருப்புக் குவியலைக் கழிக்க வேண்டும் என்று என் பாடக்குறிப்பில் அன்றே எழுதினேன்.

இன்னொருவர் கல்லூரிப் பேருந்து ஓட்டும் அண்ணன். அவருக்கு விழுந்தது மணி. மணி கேட்டிருக்கிறது, நிமிர்ந்து பார்த்தும் இருக்கிறார். ஆனால் எழவில்லை. "பக்கத்துல பெரியவர் சாப்ட்டுட்டு இருக்காரு மேடம். நான் பாதில எந்திரிச்சா மரியாதையா இருக்குமா?" என்றார். அந்தப் பெரியவர் நாங்கள் கோடில் எழுதிய பொம்மை. பந்தியில் பாதியில் எழக் கூடாது என்பது நமக்குள் எத்தனை ஆழத்தில் இருக்கிறது பாருங்கள். வெளிநாட்டு அலுவலகக் கட்டடத்தை அப்படியே கடன் வாங்கி ஆராய்ந்திருந்தால் இது வந்திருக்கவே வந்திருக்காது.

குழந்தைகள் விஷயமும் உண்டு. 1973-இல் மேன் தீவில் சம்மர்லாண்ட் என்ற கேளிக்கை மையம் எரிந்ததைப் பற்றி, முன்பு சொன்ன ஜொனதன் சைம் ஆராய்ந்தபோது, பிரிந்திருந்த குடும்பத்தினர் கதவுக்குப் போவதற்கு முன் ஒருவரையொருவர் தேடியதைக் கண்டார். நம் மண்டபத்தில் அப்பா பந்தியில், அம்மா மேடையில், பிள்ளைகள் மாடிப்படியில். காட்சிக்குள் ஒரு குழந்தையைக் கொண்டுவரலாமா என்று யோசித்து, கும்பகோணத்தை நினைத்து, இதுவரை சேர்க்கவில்லை. பார்ப்பவருக்கு அது எந்த அளவு வலிக்கும் என்று தெரியாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

விஆரில் கிடைத்த நடை வேகத்தை அப்படியே கட்டட வடிவமைப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். கண்ணாடிக்குள் தூரம் இருப்பதைவிடக் குறைவாகத் தோன்றும், மக்கள் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பார்கள். சூடு இல்லை, கண் எரிச்சல் இல்லை, முதுகில் இடிப்பவர் இல்லை. மணியைவிட மைக் மேலா, எந்தக் கதவைத் தேர்ந்தார்கள், எதனால் தயங்கினார்கள் போன்ற ஒப்பீடுகளை நம்பலாம். அதையும் ஒரு நிஜ ஒத்திகையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீயணைப்புத் துறையினர் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத் தொண்டு வாரம் நடத்துவார்கள். மார்ச்சிலேயே நிலையத்துக்குப் போய்ப் பேசி வைத்தால், உங்கள் கல்லூரியின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு ஒத்திகைக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம். வெளியேறியவர்களிடம் அதே கேள்விகளைக் கேளுங்கள்.

பதிவுகளில் பெயர் வேண்டாம், எண் போதும். பேச்சுப் பதிவை எழுத்தாக்கியதும் ஒலியை அழித்துவிடுங்கள்.

அடுத்த ஆடியில் ஓசூரில் ஒரு மண்டபத்தை அளக்கப் போகிறோம். அங்கே ஒரே பந்தியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுபவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மைக்கில் எந்த மொழியை முதலில் சொல்வது, ஒன்றை முடித்து அடுத்ததைத் தொடங்குவதற்குள் எத்தனை நொடி போகிறது என்பது அடுத்த கேள்வி. மூன்று மொழியிலும் அறிவிப்பை எழுதி, படித்துப் பார்த்து, நேரம் குறிக்கும் வேலையில் மாணவர்கள் இப்போது இருக்கிறார்கள்.